ஒரே எண், கோடி வீடு

உங்கள் வீட்டு வைஃபை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில், கடவுச்சொல்லுக்குப் பக்கத்தில், 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஓர் எண் அச்சாகியிருக்கும். வீட்டுக்குள் அந்தப் பெட்டியின் முகவரி அதுதான். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு வீட்டில் இருக்கும் இதே எண், தேவகோட்டையில் ஒரு மருந்துக்கடையிலும், சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டிலும், பிரேசிலில் ஒரு பள்ளிக்கூடத்திலும் இந்த நொடியில் புழக்கத்தில் இருக்கிறது.

முகவரி என்றால் ஒருவருக்கு ஒன்றுதானே இருக்க வேண்டும்? கோடிக்கணக்கான வீடுகள் ஒரே முகவரியை வைத்திருந்தும், நீங்கள் கேட்ட பாட்டு உங்கள் போனுக்கு மட்டும் வந்து சேர்கிறது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது, எதனால் இத்தனை காலம் தாங்குகிறது, எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்போம். செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் நின்று பார்த்தால் இது நன்றாகவே விளங்கும்.

429 கோடி போதும் என்று நினைத்த காலம்

1970-களில் வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கணினி வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான முறையை வகுத்தார்கள். முகவரிக்கு 32 பிட் போதும் என்று அப்போது முடிவாயிற்று. 0, 1 என்ற இரண்டே குறிகளை 32 இடங்களில் மாற்றி மாற்றி எழுதினால் 4,29,49,67,296 வெவ்வேறு எண்கள் கிடைக்கும். அதை நாம் வாசிக்க வசதியாக நான்கு துண்டாக்கி, நடுவே புள்ளி வைத்து எழுதுகிறோம். ஒவ்வொரு துண்டும் 0-லிருந்து 255 வரை போகும். 1981 செப்டம்பரில் இந்த முறை ஆவணமாக வெளிவந்தது. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது.

அன்று ஆர்பாநெட்டில் இருந்த கணினிகள் சில நூறுதான். 429 கோடி என்பது தீரவே தீராத கையிருப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகளை ஒரே கட்டாக அள்ளிக் கொடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு கணினி வரத் தொடங்கியதும் கணக்குப் போட்டவர்கள் திடுக்கிட்டார்கள். இந்த வேகத்தில் போனால் முகவரி தீர்ந்துவிடும் என்பது தெளிவாகிவிட்டது.

அதற்கு இரண்டு வழி கண்டார்கள். முகவரியின் நீளத்தையே கூட்டுவது நிரந்தரத் தீர்வு. அதற்குப் பல ஆண்டு ஆகும். அதுவரை சமாளிக்க, சில எண்களை ஒதுக்கிவைத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது இன்னொன்று. இந்த எண்கள் பொது இணையத்தில் செல்லாது என்பது மட்டுமே நிபந்தனை.

1994 மார்ச்சில் இந்த யோசனை ஆவணமாக வந்தது. அந்த ஆண்டு ஜூலையிலேயே எலியட் லியர் உள்ளிட்ட நால்வர் மறுப்பு எழுதினார்கள். உலகத்தில் ஒருவருக்கு ஒரு முகவரி என்ற ஒழுங்கு போய்விடும். இன்று தனித்தனியாக இருக்கும் இரண்டு வலையமைப்புகள் நாளை இணைய நேர்ந்தால் எண்கள் மோதும். அப்போது எல்லாவற்றுக்கும் மறுபடி எண் போட வேண்டிவரும் என்பது அவர்களுடைய வாதம். வாதம் நடந்தது, திருத்தம் நடந்தது. 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் வந்தபோது, மறுத்து எழுதிய அதே லியர் அதை எழுதிய ஐவரில் ஒருவராக இருந்தார். இணையத்தின் விதிகள் இப்படித்தான் உருவாயின. எதிர்த்தவரையும் உட்காரவைத்து எழுதினார்கள். அவர் சொன்ன ஆபத்தையும் விதிக்குள்ளேயே குறித்துவைத்தார்கள்.

ஒதுக்கியவை மூன்று தொகுதி. 10 என்று தொடங்கும் எல்லா எண்களும் ஒன்று: 1,67,77,216 முகவரிகள். 172.16 முதல் 172.31 வரை இன்னொன்று: 10,48,576. 192.168 என்று தொடங்குபவை மூன்றாவது: 65,536. இதில் 10 என்ற எண்ணுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஆர்பாநெட்டின் சொந்த எண்ணே அதுதான். 1990-ல் ஆர்பாநெட் மூடப்பட்டது. அதன் எண் இன்று உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொதுச் சொத்தாகிவிட்டது.

பெட்டிக்குள் நடக்கும் மாற்றம்

192.168 எண்ணை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது என்றால், உங்கள் போன் எப்படி வெளியே பேசுகிறது? வாசலில் இருக்கும் ரூட்டர் எண்ணை மாற்றி அனுப்புகிறது. இதற்கு நேட் என்று பெயர். 1994 மே மாதம் கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் ஆகிய இருவர் எழுதிய ஆவணத்தில் இது விளக்கப்பட்டது. அதன் வேலையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

உங்கள் போனுக்கு வீட்டுக்குள் 192.168.1.7 என்று எண். ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். போன் ஒரு சிறு பொதியை அனுப்புகிறது. அதன் தலையில் அனுப்புநர் 192.168.1.7, போர்ட் 51324 என்று இருக்கும். போர்ட் என்பது போனுக்குள் எந்தச் செயலி, எந்த உரையாடல் என்பதைக் குறிக்கும் எண்; 0 முதல் 65,535 வரை இருக்கலாம். பொதி ரூட்டருக்கு வருகிறது. ரூட்டருக்கு வெளிமுகமாக இணைப்பு நிறுவனம் கொடுத்த பொது முகவரி ஒன்று உண்டு. அது 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். (203.0.113 என்ற வரிசை எடுத்துக்காட்டு எழுதுபவர்களுக்காகவே ஒதுக்கிவைத்தது. யாருடைய வீட்டு எண்ணும் ஆகாது.) ரூட்டர் அனுப்புநர் முகவரியை அடித்துவிட்டு 203.0.113.25, போர்ட் 40001 என்று எழுதுகிறது. தன் நினைவில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது: 40001-க்கு வரும் பதில் 192.168.1.7-ன் 51324-க்குப் போக வேண்டும்.

செய்தித்தளம் 203.0.113.25-ன் 40001-க்குப் பதில் அனுப்புகிறது. ரூட்டர் குறிப்பைப் பார்த்து, முகவரியை மறுபடி மாற்றி, உங்கள் போனுக்குத் தள்ளுகிறது. போனுக்கும் தெரியாது, செய்தித்தளத்துக்கும் தெரியாது. இருவரும் நேராகப் பேசுவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு வீடியோ பார்க்கும் நேரத்துக்குள் இந்த மாற்றம் ஆயிரக்கணக்கான முறை நடந்து முடிந்திருக்கும். பத்துப் பேர், இருபது போன், ஒரே பொது முகவரி. இணைப்பைப் பங்கிடுவது என்று நாம் சொல்வதெல்லாம் நினைவில் இருக்கும் அந்தக் குறிப்புப் பட்டியலைத்தான் நம்பியிருக்கிறது.

உள்ளே இருக்கும் எண்ணும் வெளியே இருக்கும் எண்ணும் வெவ்வேறாக இருக்கும் வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டால்?

ரெண்டாங்கட்டில் கோடு நிறைய, படம் ஓடவில்லை

செட்டிநாட்டு வீடு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பள்ளத்தூரிலும் இப்படி வீதி வீதியாக உண்டு. சுவர்கள் தடித்த செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பியவை. நூறாண்டுக்கு முன் வெயிலைத் தடுக்கக் கட்டிய சுவர் இன்று வைஃபை அலையையும் தடுக்கிறது. முகப்பில் பொருத்திய பெட்டியின் சிக்னல் வளவைத் தாண்டுவதற்குள் மெலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும்; 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ரெண்டு சுவரே அதிகம்.

முன்னோரை வணங்கும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாம் பூர்வீக வீட்டில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ரெண்டாங்கட்டில் சிக்னல் இல்லை என்று முணுமுணுக்கிறார்கள். யாரோ ஒருவர் கடைவீதிக்குப் போய் இன்னொரு ரூட்டர் வாங்கி வருகிறார். முதல் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அதில் செருகுகிறார். போனில் கோடு நிறைந்து நிற்கிறது.

“என்ன தம்பி, கோடு ரொம்பி நிக்குது, படம் ஓடமாட்டேங்குதே?” என்று ஆச்சி கேட்கிறார். ஆச்சி கேட்டது சரியான கேள்வி. வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை. பெட்டி பழுதில்லை, கேபிளும் நன்றாகத்தான் இருக்கிறது. எண் மோதிக்கொண்டது.

முதல் பெட்டியின் எண் 192.168.1.1. புதிய பெட்டி ஆலையிலிருந்து வரும்போதே தனக்கும் அதே எண்ணை வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ரெண்டாங்கட்டில் இருக்கும் போன், வெளியே போக வேண்டிய பொதியைப் புதிய பெட்டியிடம் கொடுக்கிறது. புதிய பெட்டி அதை முதல் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். வெளியே போகும் வழி எது என்று தன் குறிப்பைப் பார்த்தால், 192.168.1.1 என்று எழுதியிருக்கிறது. அது தன் சொந்த எண் அல்லவா! வெளியே போகும் வழி தானே என்று எண்ணி, பொதியை எங்கும் அனுப்பாமல் நின்றுவிடுகிறது. இப்போது வரும் பல ரூட்டர்கள் இந்த மோதலைத் தாமே கண்டுபிடித்துத் தங்கள் எண்ணை மாற்றிக்கொள்கின்றன. எல்லாப் பெட்டிக்கும் அந்தப் புத்தி இல்லை.

கேபிளை, வெளி இணைப்புக்கென்று தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) துளையில் செருகாமல், பக்கத்தில் வீட்டுக் கருவிகளுக்கென்று இருக்கும் லேன் (LAN) துளை ஒன்றில் செருகிவிட்டால் நிலைமை வேறு மாதிரி ஆகும். அப்போது இரண்டு பெட்டியும் ஒரே கம்பியில் இருக்கின்றன. ஒரு போன் இன்னொரு கருவியைத் தேடும் முறை சுவையானது. அது கம்பியில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி, “192.168.1.1 யார்?” என்று உரக்கக் கேட்கும். உரியவர் தன் வன்பொருள் எண்ணைச் சொல்லிப் பதில் தருவார். இந்தக் கூப்பிடு முறை 1982-லிருந்து இருக்கிறது.

இந்த வீடுகளுக்கு உரிய நகரத்தார் குடும்பங்களில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அதனால் ஒரு பங்காளி வட்டத்துக்குள் அண்ணாமலையும் இராமநாதனும் திரும்பத் திரும்ப வருவார்கள். அவரவர் வீட்டில் இருக்கும் வரை குழப்பமில்லை. படைப்பன்று வளவில் நின்று “அண்ணாமலை!” என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கம்பியிலும் அதுதான் நடக்கிறது. “192.168.1.1 யார்?” என்றால் இரண்டு பெட்டியும் “நான்” என்கின்றன. போன் எந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டதோ அந்தப் பெட்டிக்குப் பொதி போகும். சரியான பெட்டியைப் பிடித்தவருக்கு இணையம் வரும், மற்றவருக்கு வராது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கும்போது பதில் மாறலாம். “நெட்டு வருது, போகுது” என்று நாம் சலித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். போதாக்குறைக்கு, இரண்டு பெட்டியும் வருகிறவர்களுக்கெல்லாம் எண் பங்கிடத் தொடங்கிவிடும். ஒன்று கொடுத்த எண்ணையே இன்னொன்று வேறொருவருக்குக் கொடுக்க வாய்ப்பு உண்டு.

மோதல் புதியதன்று

இணைப்பைப் பங்கிடத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த முட்டல் இருக்கிறது. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ஒரு கணினியின் இணைப்பை மற்றவற்றுக்குப் பங்கிடும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. தமிழ்நாட்டு ஊர்களில் பிரௌசிங் சென்டர்கள் முளைத்த காலம் அது. ஒரு டயல்-அப் இணைப்பை நாலைந்து கணினிக்குப் பங்கிட இத்தகைய வசதிதான் கை கொடுத்தது. பங்கிடும் கணினி தனக்கு 192.168.0.1 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளும். டயல்-அப் காலத்தில் தொல்லை இல்லை. பிராட்பேண்ட் மோடம்கள் வந்து, அவற்றில் சில தாங்களும் 192.168.0.1 என்று வந்து நின்றபோது, பங்கீடு மறுத்தது. விண்டோஸ் 7-லிருந்து அந்த எண் 192.168.137.1 என்று மாறியது. யாரும் எளிதில் தேர்ந்தெடுக்காத 137, மோதலைப் பெருமளவு தவிர்த்தது.

போனில் ஹாட்ஸ்பாட் போடுவதிலும் இதே கதை. ஆண்ட்ராய்டு போன்கள் பல ஆண்டுகள் 192.168.43.1 என்ற ஒரே எண்ணையே வைத்திருந்தன. ஆண்ட்ராய்டு 11-லிருந்து, போன் தான் இணைந்திருக்கும் வலையமைப்பின் எண்ணைப் பார்த்து, அதோடு மோதாத வேறொரு வரிசையைத் தானே தேர்ந்துகொள்கிறது. ஐபோன் 172.20.10.1 என்ற எண்ணை வைத்திருக்கிறது. நம் ஊரில் ஜியோ ஃபைபர் பெட்டிகள் 192.168.29.1 என்று வருகின்றன. 29, 43, 137 என்ற எண்களில் மந்திரம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதே அவற்றின் பெருமை.

2020-ல் ஊரடங்கு வந்தபோது இந்த மோதல் இன்னொரு முகம் காட்டியது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் மடிக்கணினியோடு சொந்த ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் ஓடும். “இணைக்கப்பட்டது” என்று காட்டும். ஆனால் அலுவலகக் கோப்பு திறக்காது. அலுவலக வலையமைப்பும் 192.168.1 வரிசை, வீடும் 192.168.1 வரிசை என்றால் இப்படி ஆகும். மடிக்கணினி எந்தப் பொதியை அனுப்பும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: போக வேண்டிய முகவரி என் வரிசையைச் சேர்ந்ததா, வெளியூரா? அலுவலகக் கணினியின் எண் 192.168.1.10 என்றால், இது நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டுப் பார்க்கும். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். வீட்டுப் பிரிண்டருக்குத் தற்செயலாக அதே எண் அமைந்திருந்தால், அலுவலகக் கோப்பைக் கேட்டுப் போன கேள்விக்குப் பிரிண்டர் பதில் சொல்லும்! 1994-ல் எலியட் லியர் எச்சரித்தது இதைத்தான். தனித்தனியாக இருந்த இரண்டு வலையமைப்புகள் ஒரு நாள் இணைந்தன, எண்கள் மோதின.

தெருவுக்கே ஒரு முகவரி

வீட்டுக்குள் பங்கிட்டதோடு பஞ்சம் தீரவில்லை. 2011 பிப்ரவரி 3 அன்று உலக மையக் கையிருப்பின் கடைசிக் கட்டுகள் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஏபிநிக், அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசிக் கட்டைத் தொட்டது. அதன் பிறகு கடும் ரேஷன்தான். இப்போது ஏபிநிக்கின் கடைசிக் கட்டிலிருந்து புதிதாகத் தொடங்கும் இணைப்பு நிறுவனம் ஒன்று பெறக்கூடியது 512 முகவரிகள் வரைதான். பத்தாயிரம் வீட்டுக்கு இணைப்புத் தர நினைக்கும் ஊர் நிறுவனம் 512 முகவரியை வைத்து என்ன செய்யும்?

வெளியில் விலைக்கு வாங்கலாம். திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை 2011-ல் மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அப்படி வாங்க முடியாதவர்கள் முகவரியைப் பங்கிடுகிறார்கள். உங்கள் வீட்டு ரூட்டர் செய்யும் அதே எண் மாற்றத்தை, இணைப்பு நிறுவனம் தன் நிலையத்தில் பல நூறு வீட்டுக்குச் சேர்த்து ஒருமுறை செய்கிறது. தெருவே ஒரு பொது முகவரியில் வெளியே போகிறது.

இங்கும் எண் மோதலே முதல் கவலை ஆயிற்று. நிலையத்துக்கும் உங்கள் வாசலுக்கும் இடையே நிறுவனம் எந்த எண்ணைப் பயன்படுத்துவது? 10 வரிசையை எடுத்தால், வீட்டுக்குள் 10 வைத்திருப்பவரோடு மோதும். 192.168 எடுத்தால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரர் யாரும் தொடாத எண் தேவைப்பட்டது. 2012 ஏப்ரலில் அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான வரிசை ஒதுக்கப்பட்டது: 41,94,304 முகவரிகள். உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுக முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், உங்கள் பொது முகவரியை யாரோடெல்லாமோ பங்கிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இதனால் செட்டிநாட்டுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் இங்கே ஏராளம். உரியவர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். தேக்குத் தூணுக்கும் பழைய பாத்திரங்களுக்கும் காவலாக கேமரா மாட்டிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே பார்க்க நினைக்கிறார்கள். ரூட்டரின் குறிப்புப் பட்டியலில் உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்குத்தான் வரி இருக்கும். வெளியிலிருந்து முதலில் கூப்பிடுபவருக்கு வரி கிடையாது; அவர் வாசலோடு நிற்க வேண்டியதுதான். உங்கள் சொந்த ரூட்டர் என்றால், இந்த போர்ட்டுக்கு வருவதைக் கேமராவுக்கு அனுப்பு என்று நிரந்தர வரி எழுதலாம். நிலையத்தில் இருக்கும் எண் மாற்றும் கருவியில் உங்களால் எழுத முடியாது. ஆகவே கேமரா நிறுவனத்தின் சர்வரை இடைத்தரகாக வைத்துக்கொண்டுதான் தன் வீட்டைத் தானே பார்க்க வேண்டியிருக்கிறது. முகவரிப் பஞ்சத்தின் விலை இப்படியும் வசூலாகிறது.

பூவா, தலையா

ஆர்எஃப்சி 1918-க்குள் அதிகம் பேர் கவனிக்காத அறிவுரை ஒன்று இருக்கிறது. பின்னாளில் வேறொரு வலையமைப்போடு இணைய நேர்ந்தால் மோதல் வராமலிருக்க, ஒதுக்கிய எண்களிலிருந்து குருட்டாம்போக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அது அழுத்திச் சொல்கிறது. நாம் செய்வது நேர்மாறு. ஆலைக்காரர் அச்சிட்டுத் தந்த எண்ணை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இதன் கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டு வலையமைப்பு 256 முகவரி கொண்ட ஒரு வரிசையை எடுத்துக்கொள்கிறது. மூன்று தொகுதியிலும் சேர்த்து இப்படி 69,888 வரிசைகள் இருக்கின்றன. இரண்டு பேர் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால் மோதும் வாய்ப்பு 69,888-ல் 1. இவ்வளவு இடம் கிடக்கும்போது உலகமே 192.168.0, 192.168.1 என்ற இரண்டு வரிசையில் போய் நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

தேர்ந்தெடுக்க ஒரு ரூபாய் நாணயம் போதும். பூவுக்கு 0, தலைக்கு 1. எட்டு முறை சுண்டி வரிசையாக எழுதுங்கள். பூ, தலை, பூ, பூ, தலை, தலை, பூ, தலை என்று விழுந்தால் 01001101. இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு வைத்து, 1 விழுந்த இடங்களை மட்டும் கூட்டுங்கள்: 64, 8, 4, 1. ஆக 77. இன்னும் எட்டு முறை சுண்டுங்கள். 10110010 என்று வந்தால் 178. முன்னால் 10, கடைசியில் பெட்டிக்கு 1 சேர்த்தால் உங்கள் வீட்டுப் பெட்டியின் எண் 10.77.178.1. இப்படிச் சுண்டி எடுத்த எண் பக்கத்து வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. கணினி உங்கள் எண்ணை எப்படிப் பார்க்கிறதோ அதே வடிவில் நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டீர்கள்.

ஆனாலும் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு வலையமைப்புகள் சந்தித்தால் ஆபத்து அற்பம். பல நூறு கிளைகள் கொண்ட ஒரு வங்கியோ மருத்துவமனைக் குழுமமோ எல்லாக் கிளையையும் ஒன்றாக இணைக்கும்போது நிலைமை மாறுகிறது. யாராவது இருவருக்கு ஒரே எண் அமைந்தாலும் மோதல்தான். கணக்குப் போட்டால், 312 வலையமைப்புகள் சந்திக்கும்போதே அப்படி ஓர் இணை அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. 69,888 இடத்துக்கு 312 பேர்தான். 23 பேர் கூடிய கூட்டத்தில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதும் இதே கணக்குதான்.

நீண்ட முகவரி

1990-களில் நிரந்தரத் தீர்வு என்று தொடங்கிய வேலை ஐபிவி6 என்ற பெயரில் 1998 டிசம்பரில் வெளிவந்தது. அதில் முகவரியின் நீளம் 128 பிட். கிடைக்கும் முகவரிகளின் எண்ணிக்கை 340-க்குப் பின்னால் 36 சுழி. ஒரே ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் மிகச் சிறிய வரிசையிலேயே 429 கோடியை 429 கோடியால் பெருக்கிய அளவு முகவரிகள் இருக்கும். போன், டிவி, கேமரா, தண்ணீர் மோட்டார் எதற்கும் உலகில் வேறெங்கும் இல்லாத சொந்த முகவரி கொடுக்கலாம். எண்ணை மாற்றி அனுப்பும் வேலையே தேவைப்படாது.

இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்த நகரத்தார், பெயருக்கு முன்னால் பாட்டன், அப்பச்சி பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து விலாசமாக வைத்துக்கொண்டார்கள். நூறு அண்ணாமலை இருந்தாலும் அந்த எழுத்துகள் இன்னார் என்று காட்டிவிடும். ஐபிவி6 முகவரியின் முன்பாதியும் அப்படித்தான்: பின்பாதி ஒன்றாக அமைந்தாலும் முன்பாதி ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு.

பழைய படிப்பினையையும் அவர்கள் மறக்கவில்லை. ஐபிவி6-லும் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள் உண்டு. 2005 அக்டோபரில் அவற்றுக்கான விதியை எழுதியபோது, வலையமைப்பு எண்ணின் 40 பிட்டைக் குருட்டாம்போக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 1996-ல் அறிவுரையாக இருந்தது 2005-ல் விதியாயிற்று. 40 பிட் என்றால் ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட தேர்வுகள். மோதும் வாய்ப்பு பாதியை எட்ட 12 லட்சத்துக்கு மேற்பட்ட வலையமைப்புகள் ஒன்றாகக் கூட வேண்டும்.

இதில் இந்தியா பின்தங்கவில்லை என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. 2010-லேயே தொலைத்தொடர்புத் துறை ஐபிவி6-க்கான தேசியத் திட்டத்தை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது ஐபிவி6 அதன் அடித்தளமாகவே இருந்தது. இன்று ஏபிநிக் அளவீட்டில் இந்தியப் பயனர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஐபிவி6-ல் இயங்க முடிகிறது. உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. காரைக்குடி பேருந்து நிலையத்தில் நின்று போனில் செய்தி படிப்பவர், பெரும்பாலும் தமக்குத் தெரியாமலே, புதிய முகவரியில்தான் படித்துக்கொண்டிருக்கிறார். வீட்டு ஃபைபர் இணைப்புகளும் சிறு நிறுவனங்களும் பழைய கருவிகளும்தான் இன்னும் முழுதாக மாறவில்லை. பழைய முறையில் மட்டும் பேசும் தளங்களும் கருவிகளும் இருக்கும் வரை 192.168 நம்மோடு இருக்கும்.

ஆகவே வீட்டில் இரண்டாவது பெட்டி வைக்கப்போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். அது சிக்னலைப் பரப்ப மட்டும்தான் என்றால், அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயிண்ட் என்ற முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், எண் பங்கிடும் டிஹெச்சிபியை அதில் நிறுத்துங்கள். முதல் பெட்டி யாருக்கும் பங்கிடாத எண் ஒன்றை அதற்குக் கொடுங்கள். கேபிளை லேன் துளையில் செருகுங்கள். அதைத் தனி ரூட்டராகவே வைக்க வேண்டியிருந்தால், அதன் உள்முக எண்ணை நாணயம் சுண்டித் தேர்ந்த ஒன்றாக மாற்றி, கேபிளை வேன் துளையில் செருகுங்கள். புதிதாக அலுவலகமோ விடுதியோ தொடங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். இருநூறு கருவி சேர்ந்த பிறகு எண் மாற்றுவது பெரும் பாடு. இணைப்புத் தருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: “உங்களிடம் ஐபிவி6 உண்டா?” கேட்பவர்கள் பெருகினால்தான் கொடுப்பவர்களும் பெருகுவார்கள்.